இடம் மாறிய கோப்பும் தொடரும் பகிர்வும்

கணினி ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே கற்றுத்தரும் செயல்களில் இரண்டு, கோப்புக்கு மறுபெயர் இடுவதும் அதை வேறு கோப்புறைக்கு நகர்த்துவதும். இரண்டும் எளியவை என்பதால் செய்துகாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். அங்கு இந்த இடத்தில் சற்று நின்று ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: "பெயரை மாற்றி, இடத்தையும் மாற்றிவிட்டோம். இப்போதும் இது அதே கோப்புதானா?"

வகுப்பு இரண்டாகப் பிரியும். "அதேதான் சார், உள்ளே இருப்பது மாறவில்லையே" என்பார்கள் சிலர். "இல்லை சார், பழைய பெயரில் தேடினால் கிடைக்காதே" என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு கோப்புக்குப் பெயர், இடம், உள்ளடக்கம் என்று மூன்று கூறுகள் உண்டு. முதல் இரண்டும் மாறினால் உள்ளடக்கம் மாறுவதில்லை. ஆனால் பழைய பெயரையும் இடத்தையும் குறித்துவைத்திருக்கும் மென்பொருளுக்கு அந்தக் கோப்பு காணாமல் போனதுதான்.

இந்த வேறுபாட்டை மாணவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. பதிவிறக்கிய கோப்பை டாரண்ட் முறையில் பிறருக்குப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது அதை நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஆராய்வதே அது. பகிர்வை நிறுத்தாமல் கோப்பை ஒழுங்குபடுத்தும் வழிகளையும், அதை வகுப்பறைப் பாடமாக்கும் முறைகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டாரண்ட் முறை எப்படி இயங்குகிறது?

வழக்கமான பதிவிறக்கத்தில் ஒரே ஒரு வழங்கி இருக்கும். நூறு பேர் கேட்டால் நூறு முறையும் அதுவே முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டும். 2001ஆம் ஆண்டு பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிட்டாரண்ட் முறை இந்தச் சுமையைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தது. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் தமக்குக் கிடைத்த துண்டை உடனே மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். முழுக் கோப்பையும் பெற்ற பிறகும் தொடர்ந்து கொடுப்பவரை 'விதைப்பவர்' என்கிறோம். விதைப்பவர்கள் கூடினால் வேகம் கூடும். ஒருவரும் இல்லாமல், மீதமுள்ளவர்களிடமும் சில துண்டுகள் குறைந்தால், எல்லோருடைய பதிவிறக்கமும் 97 விழுக்காட்டிலோ 98 விழுக்காட்டிலோ நின்றுவிடும்.

பள்ளி ஆய்வகத்துக்கு இதனால் என்ன பயன்? 6 ஜிகாபைட் அளவுள்ள லினக்ஸ் நிறுவல் கோப்பு ஒன்றை 20 கணினிகளில் வைக்க வேண்டும் எனக் கொள்வோம். இணைய வேகம் நொடிக்கு 10 மெகாபிட். ஒரு கணினிக்கு 80 நிமிடம் ஆகும். ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால் மொத்தம் 1,600 நிமிடம், அதாவது 26 மணி நேரத்துக்கும் மேல். டாரண்ட் மென்பொருள்களில் 'உள்ளூர்க் கணினிகளைக் கண்டறிதல்' என்ற வசதி உண்டு. அதை இயக்கிவைத்தால் ஆய்வகக் கணினிகள் தங்களுக்குள்ளேயே துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒரு கணினி பெற்றதை மற்ற பத்தொன்பதும் ஆய்வக வலையமைப்பின் வேகத்திலேயே பெற்றுவிடலாம். (இந்த அளவு, வேகக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். பைட்டுக்கும் பிட்டுக்கும் உள்ள எட்டு மடங்கு வேறுபாடு அதன்பின் மறக்காது.)

துண்டின் கைரேகை

முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த துண்டு சரியானதுதான் என்று மென்பொருள் எப்படி நம்புகிறது? இதற்கான விடைதான் நம் பாடத்தின் மையம்.

டாரண்ட் பகிர்வைத் தொடங்கும்போது நாம் முதலில் இறக்குவது ஒரு சிறிய குறிப்புக் கோப்பு. பாடமோ படமோ அதில் இருக்காது. கோப்புகளின் பெயர், அளவு, ஒரு துண்டின் அளவு, ஒவ்வொரு துண்டுக்குமான 'ஹாஷ்' மதிப்பு ஆகியவையே அதில் இருக்கும். ஹாஷ் என்பதைத் துண்டின் கைரேகை என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். துண்டின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். அதே துண்டுக்கு எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே எண்தான் வரும். ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறான எண் வரும்.

பிட்டாரண்டின் முதல் பதிப்பு ஷா-1 என்ற கணக்கீட்டைப் பயன்படுத்துகிறது. அதில் ஒரு துண்டின் கைரேகை 20 பைட். 6 ஜிகாபைட் கோப்பை 256 கிலோபைட் துண்டுகளாக்கினால் ஏறத்தாழ 23,000 துண்டுகள் வரும். அத்தனை கைரேகைகளையும் சேர்த்தாலும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பு, வலுவான ஷா-256 கணக்கீட்டுக்கு மாறியது.

கைரேகை, துண்டின் உள்ளடக்கத்திலிருந்து மட்டுமே கணக்கிடப்படுகிறது. உங்கள் கணினியில் அந்தக் கோப்புக்கு என்ன பெயர், எந்த டிரைவில் இருக்கிறது, எந்தத் தேதியில் நகர்த்தினீர்கள் என்ற எதுவும் அதில் சேராது. மறுமுனையில் இருப்பவர் "உபுண்டு என்ற பெயருள்ள கோப்பைக் கொடு" என்று கேட்பதில்லை. "இந்த அடையாள எண் கொண்ட பகிர்வில் 1,204ஆம் துண்டைக் கொடு" என்றுதான் கேட்கிறார். எனவே உங்கள் கணினியில் பெயர் மாறியது அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. தெரிய வேண்டியது உங்கள் கணினியில் இருக்கும் டாரண்ட் மென்பொருளுக்கு மட்டுமே.

நம் பள்ளி நடைமுறையிலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. மாணவர் ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறினாலும் அவருடைய எமிஸ் எண் மாறுவதில்லை. ஆனால் தகவல் சொல்லாமல் குழந்தையை இன்னொரு வகுப்பில் உட்கார வைத்துவிட்டால், பழைய வகுப்பின் வருகைப்பதிவேட்டில் 'வரவில்லை' என்றுதான் பதிவாகும். குழந்தை பள்ளியில்தான் இருக்கிறது, பதிவேட்டுக்குத்தான் தெரியவில்லை. நகர்த்தப்பட்ட கோப்பின் நிலையும் இதுவே. (எமிஸ் எண் நாம் கொடுப்பது, கைரேகை உள்ளடக்கத்திலிருந்தே பிறப்பது என்ற வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்.)

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது

ஒரு முறை ஆய்வகத்தின் ஒரு கணினியில் மட்டும் லினக்ஸ் நிறுவல் கோப்பு முழுமையாக இருந்தது. மற்றவை அதிலிருந்து பெற்றுக்கொண்டிருந்தன. பாதியில் பள்ளி நேரம் முடிந்ததால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போனோம். மறுநாள் காலை, ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பிலிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் டாரண்ட் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கோப்பை 'மென்பொருள்கள்' என்ற புதிய கோப்புறைக்கு நகர்த்தி, எல்லோருக்கும் புரியும்படி தமிழில் பெயரும் வைத்திருந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் மென்பொருளைத் திறந்ததும் 'கோப்புகள் காணவில்லை' என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. மற்ற கணினிகள் அனைத்தும் அறுபது விழுக்காட்டுக்கு அருகில் நின்றன. அன்று இணைய இணைப்பும் இல்லை. வெளியிலிருந்து பெறவும் வழியில்லை.

மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும் என்றே மாணவர்கள் நினைத்தார்கள். "கோப்பு அழிந்துவிட்டதா, இடம் மாறியதா?" என்று கேட்டேன். ஒரு மாணவி புதிய கோப்புறையைத் திறந்து கோப்பின் பண்புகளைப் பார்த்தாள். குறிப்புக் கோப்பில் உள்ள அளவும் இதன் அளவும் கடைசிப் பைட் வரை ஒன்றாக இருந்தன. அளவு ஒத்திருப்பதாலேயே உள்ளடக்கம் ஒன்று என்று சொல்லிவிட முடியாது என்றேன். பழைய பெயரைத் திரும்ப வைத்து, புதிய இடத்தை மென்பொருளுக்குக் காட்டி, மறுசரிபார்ப்புக் கட்டளை கொடுத்தோம். 0 விழுக்காட்டில் தொடங்கி ஒவ்வொரு துண்டாகக் கைரேகையை ஒப்பிட்டு 100 விழுக்காட்டை எட்டியது. சில நிமிடங்களில் மற்ற கணினிகளின் பச்சைக் கோடுகள் நகரத் தொடங்கின. ஒரு பைட்டைக்கூட மீண்டும் இறக்கவில்லை.

பகிர்வு நிற்காமல் நகர்த்தும் முறை

சிறந்த வழி, நகர்த்தும் வேலையையும் பெயர் மாற்றும் வேலையையும் டாரண்ட் மென்பொருளிடமே விடுவது. கட்டற்ற மென்பொருள்களான கியூபிட்டாரண்ட், டிரான்ஸ்மிஷன் ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன்.

நகர்த்த: கியூபிட்டாரண்டில் பட்டியலில் உள்ள பகிர்வின் மீது வலப்புறச் சொடுக்கு செய்து 'செட் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிய கோப்புறையைக் காட்டுங்கள். மென்பொருளே கோப்பைக் கொண்டுபோய் வைத்து, தன் பதிவையும் மாற்றிக்கொள்ளும். டிரான்ஸ்மிஷனிலும் அதே பெயரில் கட்டளை உண்டு. அது இரண்டு வாய்ப்புகளைத் தரும்: 'இப்போதுள்ள இடத்திலிருந்து நகர்த்து', 'கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது'. கோப்பை நீங்கள் முன்பே நகர்த்தியிருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயர் மாற்ற: கியூபிட்டாரண்டில் பகிர்வைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள 'கன்டென்ட்' பகுதியில் கோப்பின் மீது வலப்புறச் சொடுக்கு செய்து 'ரீநேம்' கொடுங்கள். வட்டில் உள்ள பெயரும் மாறும், பகிர்வும் தொடரும். மேலே உள்ள பட்டியலில் பகிர்வின் மீதே 'ரீநேம்' கொடுத்தால் பட்டியலில் தெரியும் பெயர் மட்டுமே மாறும். வட்டில் உள்ள கோப்பின் பெயர் அப்படியே இருக்கும்.

யாரோ ஏற்கெனவே நகர்த்தியோ பெயர் மாற்றியோ விட்டால் கீழ்க்காணும் வரிசையில் செய்யுங்கள். இது பெரும்பாலும் எல்லா டாரண்ட் மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

1. பகிர்வை இடைநிறுத்துங்கள்.

2. இயங்குதளத்தில் பெயர் மாற்றியிருந்தால் முதலில் பழைய பெயரையே வையுங்கள். சரியான பெயர் குறிப்புக் கோப்பின் விவரத்தில் தெரியும்.

3. பகிர்வைப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்குங்கள். 'கோப்புகளையும் அழி' என்ற கட்டம் தேர்வாகியிருக்கக் கூடாது. இந்த ஒரு கட்டத்தில் கவனம் தவறினால் முழுக் கோப்பும் போய்விடும்.

4. அதே குறிப்புக் கோப்பை மீண்டும் சேர்த்து, சேமிக்கும் இடமாகப் புதிய கோப்புறையைக் கொடுங்கள். உடனே தொடங்காதபடி இடைநிறுத்திய நிலையில் சேர்ப்பது பாதுகாப்பானது.

5. மறுசரிபார்ப்புக் கட்டளை கொடுங்கள். கியூபிட்டாரண்டில் இது 'ஃபோர்ஸ் ரீசெக்', டிரான்ஸ்மிஷனில் 'வெரிஃபை லோக்கல் டேட்டா'.

6. 100 விழுக்காடு வந்ததும் தொடங்குங்கள். விதைத்தல் தொடரும். தமிழ்ப் பெயர் வேண்டுமானால் இப்போது மென்பொருளின் வழியே வைக்கலாம்.

மறுசரிபார்ப்பில் 0 விழுக்காடு வந்தால் பதற வேண்டாம். பகிர்வைத் தொடங்கவும் வேண்டாம். பெரும்பாலும் இடம் ஒரு படி தவறியிருக்கும். பல கோப்புகள் கொண்ட பகிர்வு தனக்கென ஒரு கோப்புறையை வைத்திருக்கும். சேமிக்கும் இடமாக அந்தக் கோப்புறையையே காட்டிவிட்டால், மென்பொருள் அதனுள் அதே பெயரில் இன்னொரு கோப்புறையைத் தேடும். காட்ட வேண்டியது அதற்கு வெளியே உள்ள கோப்புறையை. எடுத்துக்காட்டாக, 'பாடங்கள்' கோப்புறைக்குள் 'அறிவியல் படங்கள்' என்ற பகிர்வுக் கோப்புறை இருந்தால் 'பாடங்கள்' என்பதையே காட்ட வேண்டும்.

99 விழுக்காடு போன்ற எண் வந்தால் பொருள் வேறு. ஏதோ ஒரு கோப்பின் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. யாராவது ஓர் ஆவணத்தைத் திறந்து சேமித்திருக்கலாம். பாடல் கோப்பில் பாடகர் பெயரைத் திருத்தியிருக்கலாம். பகிர்வைத் தொடங்கினால் மென்பொருள் சரியான துண்டை வெளியிலிருந்து வாங்கி, உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். திருத்திய கோப்பு தேவையென்றால் அதை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். முதல் பதிப்பில் ஒரு துண்டு அடுத்தடுத்த இரண்டு கோப்புகளுக்கும் பொதுவாக அமையலாம். எனவே சிறிய கோப்பு ஒன்றை மாற்றினாலும் பக்கத்துக் கோப்பும் முழுமையற்றதாகக் காட்டப்படும்.

வெளி வட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நேற்று 'இ' டிரைவாக இருந்த வட்டு இன்று 'எஃப்' ஆகிவிட்டால், யாரும் தொடாத கோப்பும் 'காணவில்லை' என்றாகும். விண்டோஸில் வட்டு மேலாண்மைப் பகுதிக்குச் சென்று அந்த வட்டுக்கு நிலையான ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. பகிரும் கோப்பை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மாணவர்கள் பயன்படுத்தும் கோப்புறையில் அதற்கு ஒரு குறுக்குவழியை உருவாக்கி விரும்பிய பெயரை வையுங்கள். பெயர் தமிழில் இருக்கும், பகிர்வும் கலையாது. நீங்கள் திருத்தி எழுதப்போகும் கோப்பு என்றால் குறுக்குவழி போதாது. தனி நகல் எடுத்துத் திருத்துங்கள்.

பெயர் மாற்றிய கோப்புகளை வைத்துப் புதிதாக ஒரு டாரண்ட் உருவாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. குறிப்புக் கோப்பில் உள்ள பெயர்களும் கைரேகைகளும் சேர்ந்துதான் பகிர்வின் அடையாள எண்ணைத் தருகின்றன. அதில் பெயர் மாறினால் அடையாள எண்ணும் மாறி, அது தனிப் பகிர்வாகிவிடும். பழைய பகிர்வில் காத்திருப்பவர்களுக்கு அதிலிருந்து ஒரு துண்டும் போகாது. உதவ வேண்டுமென்றால் பழைய குறிப்புக் கோப்பையே பயன்படுத்த வேண்டும். ஆகவே அதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இதே கொள்கை இணையம் இல்லாத பள்ளிக்கும் உதவும். ஒரு பள்ளி முழுமையாகப் பெற்ற கோப்பைப் பென்டிரைவில் வாங்கிவந்து, குறிப்புக் கோப்பைச் சேர்த்து, மறுசரிபார்ப்புச் செய்தால் வழியில் பழுதானதா என்பது துண்டு வாரியாகத் தெரிந்துவிடும். பழுதான துண்டுகளை மட்டும் பின்னர் இணையத்தில் பெற்றால் போதும்.

வகுப்பறைச் செயல்பாடு 1: தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு

கணினி தேவையில்லை. ஒரு கதையை எட்டு அட்டைகளில் எழுதுங்கள். ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் நான்கு எண்களை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 4, 7, 2, 9. அந்த எண்களின் கூடுதலை (22) தனிப் பட்டியலில் எழுதிக் கரும்பலகையில் ஒட்டுங்கள். அதுதான் குறிப்புக் கோப்பு. அட்டைகளை நான்கு குழுக்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்து, பார்த்து எழுதிப் பரிமாறிக்கொள்ளச் சொல்லுங்கள். பெறும் குழு ஒவ்வோர் அட்டையையும் கூட்டிப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

அடுத்து ஓர் அட்டையை நீல உறையிலிருந்து சிவப்பு உறைக்கு மாற்றி, வேறு பெயர் எழுதி, "கூடுதல் மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்று குழந்தைகளே சொல்வார்கள். இப்போது 7ஐ 8 ஆக்குங்கள். கூடுதல் 23 ஆகிவிடும், அட்டை ஏற்கப்படாது.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் இன்னொரு படி போகலாம். 7ஐயும் 2ஐயும் இடம் மாற்றினால் கூடுதல் அதே 22. தவறு தப்பிவிட்டது! எண்ணின் வரிசையால் பெருக்கிக் கூட்டினால் என்ன ஆகும்? 4, 7, 2, 9க்கு 4 + 14 + 6 + 36 = 60. 4, 2, 7, 9க்கு 4 + 4 + 21 + 36 = 65. இப்போது தவறு பிடிபட்டது. நல்ல சரிபார்ப்பு எண் என்றால் என்ன என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கும் இடம் இது.

வகுப்பறைச் செயல்பாடு 2: உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு

மாணவர்கள் நோட்பேடில் தம் ஊரைப் பற்றி மூன்று வரி எழுதிச் சேமிக்கட்டும். கட்டற்ற மென்பொருளான செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலப்புறச் சொடுக்கு செய்யும்போது வரும் பட்டியலிலேயே ஷா-256 மதிப்பைப் பெறலாம். அது 64 குறிகள் கொண்ட நீண்ட எண். ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதன் முதல் ஆறு குறிகளைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அ. கோப்பின் பெயரை மாற்றுதல்.
ஆ. வேறு கோப்புறைக்கு நகர்த்துதல்.
இ. பென்டிரைவில் நகலெடுத்தல்.
ஈ. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்துச் சேமித்தல்.
உ. அந்தப் புள்ளியை நீக்கி மீண்டும் சேமித்தல்.

முதல் மூன்றிலும் எண் மாறாது. நான்காவதில் அடையாளமே தெரியாதபடி மாறும். ஐந்தாவதில் பழைய எண்ணே திரும்பி வரும். வகுப்பில் வியப்புக் குரல் எழுவது இங்குதான். முடிந்தவர்கள் லிப்ரே ஆபீஸ் ஆவணம் ஒன்றில் இதே சோதனையைச் செய்து பார்க்கட்டும். ஒரு எழுத்தைச் சேர்த்து, அதையே நீக்கிச் சேமித்தாலும் எண் மாறிவிடும். சேமித்த நேரம் போன்ற விவரங்களும் ஆவணத்துக்குள்ளேயே எழுதப்படுவதுதான் காரணம். 'நான் எதையும் மாற்றவில்லையே' என்று மாணவர் சொல்லும்போது கோப்பு வேறு விடை சொல்லும்.

தொடர்ந்து கேட்கத்தக்க ஒரு கேள்வி: 6 ஜிகாபைட் கோப்பை ஒரே டிரைவுக்குள் நகர்த்த ஒரு நொடி போதும், வேறு டிரைவுக்கு நகர்த்த சில நிமிடங்கள் ஆகின்றன. ஏன்? ஒரே டிரைவில் உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; கோப்புறைப் பதிவில் அதன் முகவரி மட்டுமே மாற்றி எழுதப்படுகிறது. வேறு டிரைவு என்றால் உள்ளடக்கம் முழுவதும் நகலெடுக்கப்பட்டுப் பிறகு பழையது நீக்கப்படுகிறது. பெயரும் இடமும் உள்ளடக்கத்திலிருந்து வேறானவை என்பதற்கு இது இன்னொரு சான்று.

எதைப் பகிரலாம்?

டாரண்ட் என்றதும் பல மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது திருட்டுத் திரைப்படம்தான். அதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது. இந்த முறையில் இறக்குபவர் அதே நேரத்தில் கொடுப்பவரும் ஆகிறார். உரிமம் இல்லாத படத்தை இறக்கும் மாணவர், அறிந்தோ அறியாமலோ அதை ஊருக்கு விநியோகிக்கிறார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதைத் தண்டனைக்குரிய குற்றமாகப் பார்க்கிறது. மேலும், ஒரு பகிர்வில் இணைந்திருக்கும் கணினியின் ஐ.பி. முகவரி அதில் இணைந்துள்ள மற்றவர்களுக்குத் தெரியும். மறைவாகச் செய்கிறோம் என்ற எண்ணம் தவறு.

அதே வேளையில், பகிரும்படி உரிமையாளர்களே கேட்டுக்கொள்ளும் கோப்புகள் ஏராளம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களும் லிப்ரே ஆபீஸும் டாரண்ட் வழியாகவும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றன. இணையம் இன்றியே விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ் திட்டம் தன் தொகுப்புகளை டாரண்டாகவும் தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் அவற்றில் உண்டு. ஆய்வகத்தில் இதைச் செய்யும் முன் தலைமையாசிரியரின் அனுமதியையும் ஆய்வகத்துக்கான விதிமுறைகளையும் பார்த்துக்கொள்வது அவசியம். சில வலையமைப்புகளில் இவ்வகைப் பகிர்வு தடுக்கப்பட்டிருக்கும். அங்கே மேற்சொன்ன இரண்டு செயல்பாடுகளே போதுமானவை.

ஆய்வகப் பலகையில் எழுதிவைக்க

* பகிரும் கோப்பை நகர்த்தும் முன் அதன் மென்பொருளைக் கேள்.
* 'காணவில்லை' என்றால் அழிந்துவிட்டது என்று பொருளல்ல. முதலில் தேடு, பிறகு சரிபார்.
* பட்டியலிலிருந்து நீக்குவது வேறு, வட்டிலிருந்து அழிப்பது வேறு.
* 0 விழுக்காடு என்றால் இடத்தைப் பார். 99 என்றால் உள்ளடக்கத்தைப் பார்.
* பெற்று முடித்ததும் மூடிவிடாதே; அடுத்தவர் பெறும்வரை கொடு.

கடைசி வரியை எங்கள் மாணவர்களே சேர்த்தார்கள். நாம் முழுமையாகப் பெற்றுவிட்ட கோப்புக்கு இன்னொரு ஊரில் ஒருவர் கடைசித் துண்டுக்காகக் காத்திருக்கலாம். அவரை நாம் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. நம் கணினியில் ஒரு கோப்புறையை ஒழுங்குபடுத்தும்போது அவரையும் நினைத்துக்கொண்டு செய்யும் பழக்கம் மாணவர்களிடம் வந்துவிட்டால், கணினிப் பாடத்தின் பயன் ஆய்வகத்தைத் தாண்டியும் செல்லும்.